தொழில்நுட்ப எழுத்தில் முதல் தொலைநிலை வேலையைப் பெறுவது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

தொலைவிலிருந்து வேலை செய்யும் தொழில்நுட்ப எழுத்தாளரைத் தேர்ந்தெடுக்கும் ஒருவர், அவரைப் பற்றித் தெரிந்துகொள்வதில் பெரும்பகுதியை எழுத்து வழியாகவே தெரிந்துகொள்கிறார். விண்ணப்பக் கடிதம், அதோடு வந்த மாதிரிகள், இடையில் பரிமாறிக்கொண்ட மின்னஞ்சல்கள், தேர்வுக்காக எழுதித் தந்த ஒரு பக்கம் ஆகிய அனைத்தையும் அவர் ஒரே கேள்வியை மனத்தில் வைத்துத்தான் படிக்கிறார்: பக்கத்து மேசையில் இல்லாத இந்த மனிதர், தமக்குப் புரியாத ஒன்றைத் தாமே தேடிப் புரிந்துகொண்டு, பிறருக்குப் புரியும்படி எழுதி, சொன்ன நாளில் கொடுப்பாரா? முன் அனுபவம் இல்லாதவருக்கு இது சாதகமான நிலை என்றே நான் கருதுகிறேன். பணி அனுபவத்தை நினைத்தவுடன் யாரும் உண்டாக்கிக்கொள்ள முடியாது. அந்தக் கேள்விக்குச் சான்றாக நிற்கும் சில பக்கங்களை எவரும் சில மாதங்களில் உருவாக்கிவிடலாம். அவற்றை எப்படி உருவாக்குவது, யாரிடம் கொண்டு செல்வது, கிடைக்கும் வேலையை எப்படிச் சரிபார்ப்பது என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

வேலை இன்னதென்று முதலில் அறிந்துகொள்ளுங்கள்

தொழில்நுட்ப எழுத்தாளர் என்பவர் ஒரு கருவியையோ மென்பொருளையோ பயன்படுத்துபவர் தம் வேலையை முடிப்பதற்குத் தேவையான ஆவணங்களை எழுதுபவர். பயனர் கையேடு, நிறுவும் முறை, ஒரு நிரல் இன்னொரு நிரலோடு தொடர்புகொள்ளும் வழியான ஏபிஐ பற்றிய குறிப்பேடு, புதிய பதிப்பில் என்ன மாறியது என்று சொல்லும் வெளியீட்டுக் குறிப்பு, பிழை வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் பக்கம் ஆகியவை இதில் அடங்கும். நாள் முழுவதும் எழுதிக்கொண்டே இருக்கும் வேலை என்று எண்ணி வருபவர்கள் முதல் மாதத்தில் சற்றுத் திகைத்துப்போகிறார்கள். எழுதும் நேரத்தைவிட மென்பொருளை இயக்கிப் பார்ப்பதற்கும், பொறியாளர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கும், எழுதியது உண்மைதானா என்று சோதிப்பதற்கும், பழைய பக்கங்களைத் திருத்துவதற்கும் ஆகும் நேரம் அதிகம். இந்தத் தேடலும் சோதனையும் உங்களுக்கு உவப்பாக இருந்தால், மொழியின் மெருகு பின்னால் வந்து சேரும்.

ஆவணங்களின் வகையைப் பிரித்தறிவது இந்தத் துறையின் அரிச்சுவடி. டேனியேலே புரோசிடா என்பவர் வகுத்த டயடாக்சிஸ் என்ற முறை இதற்கு மிகவும் உதவும். புதியவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று கற்பிக்கும் பாடம், ஏற்கெனவே ஓரளவு தெரிந்தவருக்கு ஒரு குறிப்பிட்ட வேலையை முடித்துத்தரும் செய்முறை, தகவலைத் தேடி எடுத்துக்கொள்வதற்கான குறிப்பேடு, ஏன் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று புரியவைக்கும் விளக்கம் என ஆவணங்களை அது நான்காகப் பிரிக்கிறது. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஏதேனும் ஒரு மென்பொருளின் உதவிப் பக்கங்களில் பத்தை எடுத்து, ஒவ்வொன்றும் இந்த நான்கில் எது என்று குறித்துப் பாருங்கள். சில பக்கங்கள் இரண்டு மூன்று வகைகளைக் கலந்து குழப்புவதைக் காண்பீர்கள். அந்தக் குழப்பத்தைக் கண்டுகொள்ளும் கண்தான் பின்னர் நேர்காணலில் உங்களுக்காகப் பேசும்.

வேறு துறையிலிருந்து வருபவர்கள் தங்கள் பழைய அறிவைக் கைவிட வேண்டியதில்லை. வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருந்தவருக்குப் பயனர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது மனப்பாடமாகத் தெரியும். ஆய்வகத்தில் இருந்தவருக்குச் செய்முறையின் வரிசை பிசகினால் என்ன ஆகும் என்று தெரியும். ஆசிரியராக இருந்தவருக்கு எதை எதற்கு முன் சொல்ல வேண்டும் என்று தெரியும். முதல் வேலையைத் தேடும்போது, அந்த அறிவு பயன்படும் துறையின் நிறுவனங்களையே முதலில் அணுகுவது நல்லது.

கருவிகள்: அளவோடு கற்றால் போதும்

கருவிகளைப் பற்றிய கவலையில்தான் பலர் மாதக்கணக்கில் தேங்கிவிடுகிறார்கள். மென்பொருள் நிறுவனங்களில் நுழைய விரும்புபவருக்கு எளிய குறியீடுகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுன், கோப்புகளில் நேரும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், அந்தக் கோப்புகளை இணையத்தில் வைத்துப் பலர் சேர்ந்து வேலை செய்ய உதவும் கிட்ஹப் ஆகிய மூன்றும் அடிப்படை. 2004-இல் வெளியான மார்க்டவுனை ஒரே மாலையில் கற்றுவிடலாம். கிட் கருவிக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். கிளை உருவாக்குதல், மாற்றத்தைப் பதிவு செய்தல், மாற்றத்தை ஏற்கும்படி கேட்கும் புல் ரிக்வெஸ்ட் அனுப்புதல், முரண்பட்ட மாற்றங்களை இணக்குதல் என்ற அளவுக்குத் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதுமானது. அதன்பின் எம்கேடாக்ஸ், டாக்குசாரஸ், ஸ்ஃபிங்க்ஸ் போன்ற ஆவணத்தள உருவாக்கிகளில் ஒன்றை உங்கள் கணினியில் நிறுவி, அதில் ஐந்து பக்கத் தளம் ஒன்றைக் கட்டிப் பாருங்கள். ஏபிஐ ஆவணங்களில் ஆர்வமிருந்தால், போஸ்ட்மேன் போன்ற கருவி மூலம் கோரிக்கை அனுப்பி வரும் பதிலைப் படிக்கவும், ஓர் ஏபிஐயை விவரிக்கும் ஓபன்ஏபிஐ கோப்பு ஒன்றை வாசித்துப் புரிந்துகொள்ளவும் பழகிக்கொள்ளுங்கள்.

பெரிய இயந்திரங்கள், மருத்துவக் கருவிகள், வானூர்தி ஆகிய துறைகளில் வேறு கருவிகள் புழங்குகின்றன. டிடா என்ற எக்ஸ்எம்எல் கட்டமைப்பு, மேட்கேப் ஃபிளேர், அடோபி ஃபிரேம்மேக்கர் போன்றவற்றை அங்கே காணலாம். அவற்றுள் சில விலை மிகுந்தவை. வேலை கிடைக்கும் முன் அவற்றைச் சொந்தச் செலவில் வாங்க வேண்டியதில்லை. டிடா எதற்காக உருவானது, ஒரு தகவலை ஒரே இடத்தில் எழுதிப் பல கையேடுகளில் பயன்படுத்துவது எப்படி என்ற கருத்து தெரிந்திருந்தால், கருவியை வேலையிலேயே கற்றுக்கொள்ளலாம்.

கூகுள் தன் பொறியாளர்களுக்காக உருவாக்கிப் பின்னர் பொதுவில் வைத்திருக்கும் தொழில்நுட்ப எழுத்துப் பாடங்கள் இலவசமானவை. அவற்றை ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். கூகுளின் நிரலாளர் ஆவண நடைக் கையேடும், மைக்ரோசாஃப்ட் 2018-இல் வெளியிட்ட எழுத்து நடைக் கையேடும் இணையத்தில் எவரும் படிக்கத் திறந்திருக்கின்றன. இரண்டையும் முழுவதும் படிக்க முயலாமல், ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் எழுதும் ஒவ்வொரு மாதிரியையும் அதனோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். "இந்த மாதிரி கூகுள் நடைக் கையேட்டின்படி எழுதப்பட்டது" என்று ஒரு வரி சேர்க்க முடிந்தால், விதிகளுக்குள் நின்று எழுதத் தெரிந்தவர் என்பது படிப்பவருக்கு உடனே புலப்படும்.

ஆங்கிலத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இந்த வேலைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதுபவை. அதனாலேயே ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பலர் தயங்கி ஒதுங்கிவிடுகிறார்கள். வானூர்திப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று உருவான எளிய தொழில்நுட்ப ஆங்கிலம் என்ற தரநிலை, செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது என்றும், விளக்க வாக்கியம் 25 சொற்களைத் தாண்டக் கூடாது என்றும் விதிக்கிறது. படிப்பவர்களில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி என்பதே அதற்குக் காரணம். ஆகவே எளிய, திருத்தமான ஆங்கிலம் இந்தத் துறையில் குறையாகக் கருதப்படுவதில்லை. தமிழில் சிந்திப்பவருக்கு இதில் ஓர் இயல்பான அனுகூலமும் உண்டு. நிபந்தனையை முன்னால் வைத்துக் கட்டளையைப் பின்னால் வை என்று கூகுளின் நடைக் கையேடு வற்புறுத்துகிறது. 'கோப்பு ஏற்கெனவே இருந்தால் நீக்கவும்' என்று நம் மொழி அதைத் தானாகவே செய்துவிடுகிறது. நாம் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் வேறு: எச்சங்களை அடுக்கி ஒரே மூச்சில் நான்கு செயல்களைச் சொல்லிவிடும் நம் வழக்கம் செய்முறை ஆவணத்துக்குள் நுழைந்துவிடக் கூடாது.

மூன்று மாதிரிகளை உருவாக்குங்கள்

மாதிரித் தொகுப்பில் மூன்று ஆவணங்கள் இருந்தால் போதும். ஒன்று செய்முறையாகவும், இன்னொன்று குறிப்பேடாகவும், மூன்றாவது வேறொருவர் எழுதியதை நீங்கள் திருத்திய ஆவணமாகவும் இருக்கட்டும். என் அனுபவத்தில் மூன்றாவதே மற்ற இரண்டையும்விட அதிகம் பேசப்படுகிறது, ஏனென்றால் வேலையில் சேர்ந்த பிறகு நீங்கள் பெரும்பாலும் செய்யப்போவது அதைத்தான். எப்படித் திருத்துவது என்பதை ஒரு சிறு எடுத்துக்காட்டால் பார்க்கலாம். ஒரு சேவையை நிறுவும் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம்:

"நிறுவிய பிறகு உள்ளமைவுக் கோப்பில் உரிய மதிப்புகளை இட்டுச் சேவையைத் தொடங்கினால் போதும்."

எழுதியவருக்கு இதில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்திருக்கும். படிப்பவரோ நான்கு இடங்களில் நின்றுவிடுகிறார். எந்தக் கோப்பு, அது எங்கே இருக்கிறது, உரிய மதிப்பு எது, சேவை தொடங்கிவிட்டது என்பதை எப்படி அறிவது? மென்பொருளை நீங்களே நிறுவி இயக்கிப் பார்த்த பிறகு அதே வரி இப்படி மாறும்:

1. திட்டக் கோப்புறையில் உள்ள மாதிரி உள்ளமைவுக் கோப்பை நகலெடுத்து, நகலின் பெயரிலிருந்து 'மாதிரி' என்ற சொல்லை நீக்கவும்.
2. நகலைத் திறந்து, போர்ட் என்ற வரியில் 8080 என இடவும். அந்த எண்ணை வேறொரு நிரல் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தால் 8081 என இடவும்.
3. கோப்பைச் சேமித்து, சேவையைத் தொடங்கும் கட்டளையை இயக்கவும்.
4. உலாவியில் சேவையின் முகவரியைத் திறக்கவும். உள்நுழைவுப் பக்கம் தெரிந்தால் சேவை இயங்குகிறது.

சொற்கள் கூடியிருக்கின்றன, படிப்பவருக்கு ஆகும் நேரமோ குறைந்திருக்கிறது. இந்த மாற்றத்தில் மொழித்திறனைவிட அதிகம் தெரிவது, எழுதியவர் உண்மையிலேயே மென்பொருளை இயக்கிப் பார்த்திருக்கிறார் என்பதுதான். இரண்டாம் படியில் உள்ள நிபந்தனையை இயக்கிப் பார்க்காதவர் எழுதியிருக்க முடியாது. மாதிரியை வைக்கும்போது பழைய வடிவம், புதிய வடிவம் இரண்டையும் அருகருகே வைத்து, ஏன் மாற்றினீர்கள் என்று அரைப் பக்கக் குறிப்பும் எழுதுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத மாதிரி, கணக்கின் விடையை மட்டும் எழுதி வழியை விட்டதைப் போன்றது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது வாக்கியங்களை நொடியில் எழுதித் தருகின்றன. அதனால் புதியவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. அதை எளிதாக ஒதுக்கிவிடவும் நான் விரும்பவில்லை. இந்தக் கருவிகள் இல்லாத விருப்பத்தேர்வை இருப்பதாகவும், நீக்கப்பட்ட கட்டளையை நடைமுறையில் உள்ளதாகவும் திடமான நடையில் எழுதிவிடக்கூடியவை. ஆகவே வரைவு எழுதுவதன் மதிப்புக் குறைந்து, வரைவைச் சரிபார்ப்பதன் மதிப்புக் கூடியிருக்கிறது. நீங்கள் அவற்றைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு படியையும் உங்கள் கணினியில் செய்து பார்த்த பின்னரே மாதிரியாக வையுங்கள். எந்தப் பதிப்பில், எந்த இயங்குதளத்தில், எந்தத் தேதியில் சோதித்தீர்கள் என்பதை ஆவணத்தின் மேலேயே குறிப்பிடுங்கள். 'இந்தப் படி ஏன் இங்கே வருகிறது?' என்று நேர்காணலில் கேட்டால் தயங்காமல் சொல்ல முடியாத எந்த வரியும் உங்கள் மாதிரியில் இருக்கக் கூடாது.

முன்பு வேலை பார்த்த இடத்தின் உள் ஆவணங்களை அனுமதியின்றி மாதிரியாகக் காட்டாதீர்கள். பெயரை மட்டும் மறைத்துக் காட்டினாலும், நாளை எங்கள் ஆவணங்களையும் இப்படித்தான் காட்டுவார் என்றே எதிரில் இருப்பவர் நினைப்பார்.

திறமூலத் திட்டங்களில் பங்களியுங்கள்

நிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் திறந்துவைத்திருக்கும் திறமூலத் திட்டங்களில் பங்களிப்பதைவிடத் தொலைநிலை வேலைக்குச் சிறந்த பயிற்சி இல்லை என்பேன். முன்பின் தெரியாத, வேறு நேர மண்டலத்தில் இருக்கும் மனிதர்களோடு, எழுத்து வழியாக மட்டும் பேசி, ஒரு மாற்றத்தை ஏற்கச் செய்வது என்பது தொலைநிலைப் பணியின் சாரமேதான். மேலும் அது பொதுவெளியில் நடப்பதால், உங்கள் திருத்தம் மட்டுமன்றி நீங்கள் விமர்சனத்தை எதிர்கொண்ட விதமும் பதிவாகிவிடுகிறது.

உங்களுக்குப் பழக்கமான திட்டத்தையே முதலில் தேர்ந்தெடுங்கள். பெரிய திட்டங்களில், மென்பொருள்களைப் பல கணினிகளில் இயக்கி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ், ஆவணங்களுக்கென்றே தனிக்குழு வைத்திருக்கிறது. இணைய உருவாக்கம் தெரிந்தவர்கள் எம்டிஎன் என்ற இணையத் தொழில்நுட்பக் குறிப்புத் தளத்தின் ஆவணங்களைத் திருத்தலாம், அவை 2020 டிசம்பர் முதல் கிட்ஹப்பில் இருக்கின்றன. ஆயினும் ஐந்தாறு பேர் பராமரிக்கும் சிறிய திட்டத்தில் உங்கள் உதவி அதிகம் தேவைப்படும், பேச்சும் எளிதாக நடக்கும். கிட்ஹப்பில் திட்டத்தில் தீர்க்க வேண்டியவற்றைக் கொண்ட இஷ்யூ பட்டியலைத் திறந்து 'டாக்குமென்டேஷன்', 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்ற குறிச்சொற்களைக் கொண்டு வடிகட்டினால் புதியவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய வேலைகள் தெரியும். எதையும் தொடும் முன் பங்களிப்பாளர் வழிகாட்டியைப் படியுங்கள். சில திட்டங்களில் உரிம ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பமிட்ட பிறகே மாற்றம் ஏற்கப்படும்.

எழுத்துப்பிழை திருத்தும் ஒற்றைச் சொல் மாற்றங்களை வரிசையாக அனுப்புவதைத் தவிருங்கள். அவை பராமரிப்பவரின் நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. உங்கள் திறமையையும் காட்டுவதில்லை. நான் முதலில் அனுப்பிய திருத்தம் இரண்டே வரிகள் கொண்டது. ஒரு சிறிய கருவியை நிறுவும் பக்கத்தில் எழுதியபடியே செய்தும் அது இயங்கவில்லை. ஏறக்குறைய மூன்று மணி நேரம் தேடிய பிறகு, சூழல் மாறி (நிரல் இயங்கும்போது கணினியிலிருந்து படிக்கும் அமைப்பு மதிப்பு) ஒன்றை அமைக்கும் படி விட்டுப்போயிருப்பதைக் கண்டேன். அந்தப் படியைச் சேர்த்து, நான் பார்த்த பிழைச் செய்தியையும் எந்தப் பதிப்பில் பார்த்தேன் என்பதையும் விளக்கத்தில் எழுதி அனுப்பினேன். பராமரிப்பவர் மறுநாள் ஒரு கேள்வி கேட்டார், அதற்கு அடுத்த நாள் அதை ஏற்றுக்கொண்டார். பின்னர் நான் விண்ணப்பித்த இடங்களில் நீண்ட மாதிரிகளை விட்டுவிட்டு இந்த இரண்டு வரிகளைப் பற்றியே பலரும் கேட்டார்கள். நீங்கள் தடுமாறிய இடத்தைத் திருத்துவதே தொடங்குவதற்கு உகந்த இடம். அந்தத் தடுமாற்றம் நினைவில் பசுமையாக இருக்கும்போதே அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புல் ரிக்வெஸ்டுக்கு மறுப்பு வந்தால் வாதாடாமல் காரணம் கேளுங்கள். பல வாரங்கள் பதிலே வராவிட்டால் ஒருமுறை பணிவாக நினைவூட்டிவிட்டு அடுத்த திட்டத்துக்குச் செல்லுங்கள். ஏற்கப்படாத திருத்தத்தையும் உங்கள் தொகுப்பில் வைத்துக்கொள்ளலாம், அது ஏன் ஏற்கப்படவில்லை என்பதை நேர்மையாகச் சொன்னால்.

வேலையை எங்கே, எந்தப் பெயரில் தேடுவது

'டெக்னிக்கல் ரைட்டர்' என்ற ஒரே பெயரில் தேடினால் பல வாய்ப்புகள் கண்ணில் படாமலே போய்விடும். டாக்குமென்டேஷன் ஸ்பெஷலிஸ்ட், டாக்குமென்டேஷன் இன்ஜினியர், இன்ஃபர்மேஷன் டெவலப்பர், கன்டென்ட் டெவலப்பர், ஏபிஐ ரைட்டர், நாலெட்ஜ் பேஸ் ரைட்டர் என்றெல்லாம் இதே வேலை பெயர் மாறி வருகிறது. முற்றிலும் புதியவர்களுக்கு உதவிப் பக்கங்கள் எழுதும் நாலெட்ஜ் பேஸ் வேலைகளும், ஆவணம் எழுதுவதை ஒரு பகுதியாகக் கொண்ட வாடிக்கையாளர் உதவி வேலைகளும் நுழைவாயிலாக அமைகின்றன. உதவிப் பிரிவில் சேர்ந்து, ஓராண்டில் அங்கிருந்தே ஆவணக் குழுவுக்கு மாறுவது பலரும் சென்ற வழி.

ரைட் தி டாக்ஸ் என்ற சமூகம் 2013 முதல் இந்தத் துறையினரை ஒன்றுசேர்த்து வருகிறது. அதன் ஸ்லாக் அரட்டைத் தளத்தில் வேலை அறிவிப்புகளுக்கென்று தனி அறை இருக்கிறது. அது நடத்தும் சம்பளக் கணக்கெடுப்பின் முடிவுகள், ஊதியம் பேசும்போது கையில் வைத்துக்கொள்ளத் தக்கவை. பழைய வழிகாட்டிகள் பலவும் எஸ்டிசி என்ற தொழில்நுட்பத் தொடர்பியல் சங்கத்தில் உறுப்பினராகுமாறு பரிந்துரைக்கும். பல பத்தாண்டுகள் சிறப்பாக இயங்கிய அந்தச் சங்கம் 2025 ஜனவரியில் செயல்பாட்டை நிறுத்திவிட்டது. ஆகவே அதன் சான்றிதழுக்குப் பயிற்சி தருவதாக இப்போது எவரேனும் பணம் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

'ரிமோட்' என்ற சொல் எல்லா அறிவிப்புகளிலும் ஒரே பொருளில் வருவதில்லை. எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று பொருள்படுவது குறைவு. குறிப்பிட்ட நாட்டில் வசிப்பவர்கள் மட்டும், குறிப்பிட்ட நேர மண்டலத்துக்குள் மட்டும், வாரத்தில் சில நாள் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்ற வரம்புகள் அறிவிப்பின் அடியில் சிறு எழுத்தில் இருக்கலாம். வரி, தொழிலாளர் சட்டம், தரவுப் பாதுகாப்பு ஆகியவற்றால் ஏற்படும் வரம்புகள் இவை. கெஞ்சிக் கேட்டால் தளர்ந்துவிடுபவை அல்ல. பொருந்தாதவற்றை முதல் நிமிடத்திலேயே ஒதுக்கிவிட்டு, பொருந்தும் சிலவற்றுக்கு முழு உழைப்பையும் கொடுங்கள். ஒரு வாரத்தில் ஐம்பது இடங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட, ஐந்து நிறுவனங்களின் ஆவணங்களைப் படித்து ஐந்து கடிதங்கள் எழுதுவது பலன் தரும்.

விண்ணப்பம், தேர்வு, நேர்காணல்

கடிதம் முக்கால் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அந்த நிறுவனத்தின் ஆவணங்களை நீங்கள் பயன்படுத்திப் பார்த்தீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே ஒரு திட்டவட்டமான கவனிப்பால் காட்டுங்கள். 'உங்கள் ஆவணங்கள் மிகச் சிறப்பாக உள்ளன' என்ற வரியால் எதுவும் தெரிவதில்லை. 'உங்கள் தொடக்கப் பாடத்தைப் பின்பற்றிப் பதினைந்து நிமிடத்தில் முதல் கோரிக்கையை அனுப்ப முடிந்தது; அங்கீகாரச் சாவியை எங்கே பெறுவது என்ற படியில் மட்டும் வேறு பக்கத்துக்குப் போய்த் தேட வேண்டியிருந்தது' என்ற வரி, படிப்பவரை நிமிர்ந்து உட்காரவைக்கும். குறையைச் சுட்டும்போது மரியாதை தவறாதீர்கள். அந்தப் பக்கத்தை எழுதியவரே உங்கள் கடிதத்தைப் படிப்பவராகவும் இருக்கக்கூடும்.

தன்விவரக் குறிப்பும் ஓர் ஆவணமே. அதில் தலைப்புகள் சீராக இல்லாவிட்டாலோ, ஒரே சொல் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தாலோ, இணைப்பு திறக்காவிட்டாலோ, அதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். அடுத்த கட்டத்துக்கு அழைக்காமல் விட்டுவிடுவார்கள். இணைப்புகள் அனைத்தையும் வேறொரு கணினியில், உங்கள் கணக்கில் உள்நுழையாமல் திறந்து பாருங்கள்.

பல நிறுவனங்கள் எழுத்துத் தேர்வு ஒன்று தருகின்றன. எவ்வளவு நேரம் எதிர்பார்க்கிறார்கள், யாருக்காக எழுத வேண்டும், செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தலாமா என்று தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேர வேலை என்றால் ஏற்கத்தக்கது. ஊதியமின்றி நாள்கணக்கில் எழுதச் சொன்னாலோ, அவர்கள் அப்படியே வெளியிடக்கூடிய முழுக் கையேட்டைக் கேட்டாலோ, ஒரு பகுதியை மட்டும் எழுதித்தர முன்வந்து, மீதிக்கு ஊதியம் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். தேர்வை அனுப்பும்போது உங்கள் அனுமானங்களையும், விடை தெரியாமல் விட்ட கேள்விகளையும் தனிப் பட்டியலாக இணையுங்கள். அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைத்தான் பெரும்பாலும் சோதிக்கிறார்கள்.

நேர்காணலில் ஏறக்குறைய நிச்சயமாக வரும் கேள்வி, 'பதில் சொல்லாத பொறியாளரிடமிருந்து தகவலை எப்படிப் பெறுவீர்கள்?' என்பது. இதற்குப் பொறுமை, நட்பு என்று பொதுவாகப் பதில் சொல்வதைவிட, நீங்கள் எழுதக்கூடிய ஒரு செய்தியையே எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள். 'இந்த வசதி எப்படி இயங்குகிறது என்று விளக்க முடியுமா?' என்ற கேள்விக்குப் பதில் எழுத அரை மணி நேரம் ஆகும். ஆகவே அது கிடப்பில் போய்விடும். அதையே இப்படி எழுதலாம்:

"வணக்கம். சோதனைச் சூழலில் காலாவதியான டோக்கனோடு கோரிக்கை அனுப்பினேன். 401 பிழை வந்தது. வரைவில் 403 என்று இருக்கிறது. 401 சரியென்று கொண்டு மூன்றாம் பத்தியை மாற்றியிருக்கிறேன். நான் பார்த்தது சோதனைச் சூழலுக்கு மட்டும் உரியது என்றால் தெரிவியுங்கள். வெளியீடு வெள்ளிக்கிழமை என்பதால் வியாழன் மாலைக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

இதற்கு 'சரி' என்ற ஒரு சொல்லே பதிலாகப் போதும். கேட்பதற்கு முன் தாமே முயன்றதும், எங்கே ஐயம் என்பதும், எதற்குள் பதில் தேவை, ஏன் தேவை என்பதும் அதில் அடங்கிவிடுகின்றன. தொலைவிலிருந்து வேலை செய்பவருக்கு இந்தப் பழக்கம் உயிர்நாடி, ஏனென்றால் நீங்கள் கேள்வி கேட்கும் நேரத்தில் அவர் உறங்கிக்கொண்டிருக்கலாம். முழுவதும் தொலைநிலையில் இயங்கும் கிட்லேப் நிறுவனம் தன் பணிநடைமுறைக் கையேட்டைப் பொதுவில் வைத்திருக்கிறது. ஒரே நேரத்தில் இணையாமலே சேர்ந்து வேலை செய்வது பற்றி அதில் உள்ள பகுதியை நேர்காணலுக்கு முன் படித்துவிடுங்கள்.

கிடைத்த வேலை உண்மையானதா என்று பாருங்கள்

தொலைநிலை வேலை தேடுபவர்களைக் குறிவைக்கும் மோசடிகள் மிகுதி. புதியவர்களின் ஆவலே மோசடிக்காரர்களின் மூலதனம். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், கருவி வாங்க முன்பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேலை தருபவர் வேலை பெறுபவரிடம் பணம் கேட்பதில்லை. காசோலை அனுப்பி, அதில் ஒரு பகுதியை வேறொருவருக்கு அனுப்பச் சொல்வது பழைய ஏமாற்று. காசோலை சில நாள் கழித்துத் திரும்பிவிடும், நீங்கள் அனுப்பிய பணம் திரும்பாது. அரட்டைச் செயலியில் மட்டும் நேர்காணல் நடத்தி அரை மணி நேரத்தில் வேலை உறுதி என்பதும், நிறுவனத்தின் பெயரைச் சற்றே மாற்றிய முகவரியிலிருந்து வரும் மின்னஞ்சலும் அபாயக் குறிகள். அந்த வேலை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அங்குள்ள முகவரிக்கே எழுதிக் கேளுங்கள். அடையாள ஆவணங்களையும் வங்கி விவரங்களையும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் கொடுக்காதீர்கள்.

உண்மையான வேலையென்றால், நீங்கள் ஊழியரா, தனி ஒப்பந்தக்காரரா, மூன்றாம் தரப்பு நிறுவனம் வழியாக நியமிக்கப்படுபவரா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். ஒப்பந்தக்காரர் என்றால் வரி, விடுமுறை, காப்பீடு ஆகியவற்றின் பொறுப்பு பெரும்பாலும் உங்களுடையதாகிவிடும். ஊதியத்தை அதற்கேற்பப் பேச வேண்டும். எந்த நாணயத்தில், எந்த நாளில், எந்த வழியில் பணம் வரும், பரிமாற்றக் கட்டணம் யாருடையது, எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், எந்த மணி நேரத்தில் நீங்கள் இணைப்பில் இருக்க வேண்டும், எழுதியதை மாதிரியாகக் காட்டலாமா ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்கட்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசினால், ஒரு பக்கத்தை எழுதுவதற்கு முன் ஆகும் சோதனை நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரங்கள்

வேலையில் சேர்ந்ததும் எல்லோரையும் போல விரைவில் எல்லாம் தெரிந்தவராகிவிட வேண்டும் என்ற பதற்றம் வரும். முதல் மூன்று வாரங்களுக்கு அதைச் சற்றுத் தள்ளிவையுங்கள். நிறுவனத்தின் மென்பொருளைப் புதிய கண்ணோடு பார்க்கும் ஒரே ஆள் அப்போது நீங்கள்தான்; நான்காம் வாரத்தில் அந்தப் பார்வை பழகி மங்கத் தொடங்கிவிடும். முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பைத் திறந்துவைத்து, நின்றுபோன ஒவ்வோர் இடத்தையும், புரியாத ஒவ்வொரு சொல்லையும், யாரைக் கேட்டு எப்படித் தீர்ந்தது என்பதையும் தேதியோடு எழுதி வாருங்கள். மேலாளரிடம் வாரம் ஒருமுறை என்ன முடிந்தது, என்ன நிற்கிறது, யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று ஐந்து வரியில் எழுதி அனுப்புங்கள், அவர் கேட்காவிட்டாலும்கூட.

அந்தக் கோப்பில் பெரும்பாலும் முதலில் பதிவாவது, புதியவர்கள் தங்கள் கணினியை வேலைக்குத் தயார்செய்யும் பக்கத்தில் உள்ள ஓட்டைகளாகத்தான் இருக்கும். அந்தப் பக்கத்தையே உங்கள் முதல் திருத்தமாக எடுத்துக்கொண்டு, விட்டுப்போன படிகளைச் சேர்த்து, சோதித்த தேதியைக் குறித்து மறுஆய்வுக்கு அனுப்புங்கள். உங்களுக்கு அடுத்து சேரப்போகிறவர் அதைத்தான் முதலில் திறப்பார்.